நண்டு மார்க் முதலாளியின் ஒப்பாரித் தட்டு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி. சிங்கப்பூரிலிருந்து பதிவு மெஷினோடும் மெழுகுத் தட்டுகளோடும் கப்பலில் வந்த, பாதி வெள்ளைக்காரரான சட்டைக்காரத் துரை. ஒப்பாரி பாடுவதற்காகத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்த அஞ்சலை அக்காள். அவளுக்குத் துணையாகத் தப்பு மேளத்தோடு வந்திருந்த அவள் கொழுந்தன் மாரி. நான். ஆறாவதாக ஒரு பிணம் இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலாளியின் பெயரை எழுத மாட்டேன். ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லி அழுதாகிவிட்டது. மறுபடி அதைக் காகிதத்தில் இறக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை. மலாயாவில், மூவார் ஊரின் ஆற்றங்கரைப் பக்கம் கடை வைத்திருந்தவர், கிராமபோன் பெட்டி விற்றவர், நண்டு மார்க் என்று சொந்தமாகப் பாட்டுப் பிளேட்டு வெளியிட்டவர் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குப் போதும். நான் அவரிடம் பெட்டிகளுக்கு ஸ்பிரிங் மாற்றுகிற வேலையில் இருந்தேன். கடையின் பின்கட்டில் என் பெண்டாட்டியோடும் ஒரே மகளோடும் குடியிருந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் நண்டு என்று எல்லாரும் கேட்பார்கள். சிங்கப்பூர் அச்சுக்கூடம் ஒன்றில், ஒரு சீனர் கடைக்காகச் செய்த நண்டு அச்சுக்கட்டை கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தக் கடை மூடிப்போயிருந்தது. மயில், யானை என்று புதிதாகக் கட்டை வெட்டினால் எட்டு வெள்ளி ஆகும். நண்டு சும்மா கிடைத்தது.

“மூடிப்போன கடையோட மார்க்கு நமக்கு எதுக்குங்க?” என்றேன்.

“நண்டு உன்னை என்ன பண்ணிச்சு?” என்றார்.

பெரிய கம்பெனிகள் மதராஸில் பதிந்த கச்சேரிப் பிளேட்டுகள் எங்கள் கடைக்கும் வரும், நன்றாகவும் விற்கும். ஆனால் இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன் பாடுவதையும், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பெண்பிள்ளைகள் பாடுவதையும் எவனும் பதியவில்லை என்று அவருக்கு ஒரு குறை. அதற்காகத்தான் நண்டு மார்க். வருஷத்துக்கு இரண்டு தடவை சட்டைக்காரத் துரை வருவார். கடை மாடியில் ஜன்னல்களை மெத்தையாலும் சாக்காலும் அடைப்போம். அடுத்த கடைச் சீனத் தச்சருக்கு அரை நாள் கூலி கொடுத்துச் சுத்தியலை நிறுத்தச் சொல்வோம். மெழுகுத் தட்டில் பாட்டு பதியும். பதிந்ததை அங்கேயே போட்டுக் கேட்க முடியாது. ஊசி வைத்தால் மெழுகு அழிந்துவிடும். பெட்டியில் கட்டி, கப்பலேற்றி, கல்கத்தாவுக்கு அனுப்பி, அங்கே அச்சாகிப் பிளேட்டாகத் திரும்பி வர ஐந்து மாதம் ஆகும். அந்த ஐந்து மாதமும் நான் சரியாகச் சாப்பிட மாட்டேன். கப்பல் முழுகிவிடுமோ, வெயிலில் மெழுகு உருகிவிடுமோ, பாடினவன் தப்பாகப் பாடியிருப்பானோ என்று ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டே இருப்பேன். முதலாளி அந்த நாட்களில் நன்றாகத் தூங்குவார்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம். பொய்யாக எதையும் பதிய விட மாட்டார். தாலாட்டு என்றால் மடியில் குழந்தை வேண்டும். வேலைப் பாட்டு என்றால் வேலை நடக்க வேண்டும். “மெழுகுக்குத் தெரியும்டா” என்பார். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். கடைக்கு ஒருவர் உடைந்த பெட்டியைக் கொண்டுவந்து, தானாக நின்றுவிட்டது என்று சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்பார். அந்த ஆள் இரண்டாவது தடவை சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். “லேசா விழுந்துச்சுங்க” என்பார். நான் மேசைக்கடியில் சிரிப்பேன். ஆனால் என்னிடம் அப்படிக் கேட்டுவிடுவாரோ என்று எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு. பெரிய பொய் எதுவும் நான் சொன்னதில்லை, இருந்தாலும்.

தாலாட்டுப் பிளேட்டுக்குச் சிங்கப்பூர் நாடகக்காரி ஒருத்தி வந்தாள். நல்ல குரல். இரண்டு வரி பாடியதும் முதலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“யாரத் தூங்க வைக்கிற?”

“ஜனங்களைத்தான்” என்றாள் அவள், கொஞ்சம் கோபமாக.

முதலாளி என்னைப் பார்த்தார். என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். என் பெண்டாட்டி கொடுக்க மாட்டேன் என்று அழுதாள். குழந்தையின் குரலை மெழுகு உறிஞ்சிவிட்டால் பிறகு அது ஊமையாகிவிடாதா என்று கேட்டாள். அதே பயம் எனக்கும் இருந்தது, ஆனால் வேலையும் எனக்கு வேண்டியிருந்தது. குழந்தையை நாடகக்காரி மடியில் வைத்தோம். அது வீறிட்டது. நான்கு மெழுகுத் தட்டு வீணானது. துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஐந்தாவது தட்டில் குழந்தை களைத்துத் தூங்க ஆரம்பித்தது. நாடகக்காரியும் களைத்திருந்தாள். மேடைக் குரல் போய், அவள் வீட்டில் பேசுகிற குரல் வந்தது. பிளேட்டின் கடைசியில் ஒரு விக்கல் கேட்கும். அது என் மகள். அவள் பேசத் தொடங்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

பால் தூக்குகிறவர் ஒருவரைப் பாட வைத்தபோது, அவர் தோளில் காண்டா என்கிற காவடிக் கம்பை வைத்து இரண்டு பக்கமும் வாளி நிறையத் தண்ணீர் தொங்கவிட்டுத்தான் முதலாளி பாடச் சொன்னார். மாடிப் பலகை நனைந்து கீழே கடையில் சொட்டியது. இதெல்லாம் சிரித்துப் பேசக் கூடியவை.

சண்டைப் பிளேட்டு அப்படியில்லை. கோயில் திருவிழாக்களில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதுபோல் வேடிக்கை பேசும் ஒரு ஜோடி இருந்தது. நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டிதான். அவர்களைப் பதிய அழைத்தோம். ஒத்திகையில் எல்லாரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. துரை மெழுகை வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்து, “உன் கொலுசு தொலைஞ்சு போகல. உன் புருஷன் அடகு வச்சிருக்கான். சீனன் கடையில பாத்தேன்” என்றார். உடனே துரைக்குக் கை காட்டினார்.

அந்தப் பிளேட்டைக் கேட்டுச் சிரிக்காத கடை ஜொகூரில் இல்லை. அவள் பதிவு நடந்த அன்றைக்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிளேட்டு வந்து இரண்டு மாதம் கழித்து, பழம் வாங்கிக்கொண்டு சமாதானம் பேச நான் போனேன்.

“உங்க மொதலாளிகிட்ட சொல்லுங்கண்ணே” என்றாள் அவள். “எல்லாரும் சிரிக்கிறாங்களே, அதுக்குள்ள நான் அழறது இருக்கு.”

வந்து சொன்னேன். முதலாளி கண்ணை மூடிக் கேட்டார்.

“தெரியும்” என்றார். “அதனாலதான் விக்குது.”

அதிலிருந்து எனக்கு அவரிடம் பாசத்தோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டது. இந்த மனுஷர் ஒரு நல்ல பதிவுக்காக யாரையும் எதையும் செய்வார் என்று தோன்றியது. தன்னையும் செய்துகொள்வார் என்று அப்போது தோன்றவில்லை.

ஒப்பாரிப் பிளேட்டு ஒன்று வேண்டும் என்று எழுதியவர் லாபிஸ் ஊர்க் கடைக்காரர். ரயிலடிக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்து, எங்கள் பிளேட்டுகளையும் விற்றுக்கொடுத்தவர். நாங்கள் அவரை நேரில் பார்த்ததில்லை. எல்லாம் கடிதமும் ரயில் பார்சலும்தான். தோட்டங்களில் காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள், அழத் தெரிந்த பெண்பிள்ளைகள் எல்லா லயத்திலும் இல்லை, பிணத்தைச் சும்மா தூக்கிப் போக மனசு கேட்கவில்லை, ஒரு பிளேட்டு இருந்தால் போட்டுவிடலாம், ஐம்பது எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னார். சாவு நடக்காத வீட்டில் ஒப்பாரி கேட்கலாமா? நாங்கள் குடியிருக்கிற வீட்டின் மாடியில்?

அஞ்சலை அக்காள் இருந்தது மூவாரிலிருந்து ஏழு கட்டை, அதாவது ஏழு மைல், தள்ளி ஒரு தோட்டத்தில். புருஷன் இறந்து, பால் வெட்டி ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுவட்டத்தில் எந்தச் சாவு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்தாள். துரை மெழுகைச் சூடான அலமாரியிலிருந்து எடுத்து வைத்து, “போலே?” என்று மலாயில் கேட்டார். பாடலாமா என்று அர்த்தம். அவள் பாடவில்லை.

“யாருக்குங்க அழுவணும்?” என்றாள்.

“யாருக்கும் இல்லக்கா. பிளேட்டுக்கு” என்றேன் நான்.

“பிளேட்டு செத்துப்போச்சா?”

மாரி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. “பேரு வேணும் தம்பி. பேரில்லாம ‘எங்கள விட்டுப் போனீங்களே’ன்னு கூப்பிட்டா, அது யாரு காதுல விழுதோ அவங்க கெளம்பிடுவாங்க. இந்த வீட்டுல யாரு யாரு இருக்கா?”

என் மகள் கீழே பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி அழுங்கக்கா” என்றேன்.

“அவருக்கு அழுது முடிச்சாச்சு. முடிச்ச அழுவைய மறுபடி தொறந்தா, போனவருக்கு வழி மறந்துடும்.”

“அப்ப ஏதாச்சும் ஒரு பேரு. முனுசாமின்னு வச்சுக்கங்க.”

“எந்த முனுசாமி? எங்க லயத்துலயே மூணு முனுசாமி இருக்கான். மூணு பேருக்கும் புள்ளகுட்டி இருக்கு.”

துரை மணியைப் பார்த்தார். மெழுகு ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி அதுவரை கண்ணை மூடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டையையும் கழற்றினார்.

“பாயை எடு” என்றார் என்னிடம். “தெக்கால தலை வச்சு விரி.”

“வேணாங்க மொதலாளி” என்றாள் அஞ்சலை அக்காள். “உசுரோட இருக்கறவங்களுக்கு அழுதா, அந்த அழுவை ஆளத் தேடிக்கிட்டே இருக்கும்.”

“தேடட்டும். மூவார்லதான இருக்கேன்.”

“உங்களுக்குப் புள்ளைங்க?”

“இல்ல.”

“சம்சாரம்? கூடப் பொறந்தவங்க?”

“யாரும் இல்ல அஞ்சலை. நான் போனா இவன் ஒருத்தன் அழுவான். இவன் அழறது காது குடுத்துக் கேக்கச் சகிக்காது.”

மாரிகூடச் சிரிக்கவில்லை. முதலாளி படுத்துக்கொண்டார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டச் சொன்னார். என் துண்டைக் கிழித்து நான்தான் கட்டினேன். முடிச்சுப் போடாமல் சும்மா சுற்றி வைத்தேன், அது ஒரு தடுப்பு என்று எனக்குள் நினைத்துக்கொண்டு. நெற்றியில் ஒரு காசு வைக்கச் சொன்னார். வைத்தேன். அது உருண்டு காதோரம் விழுந்தது. கண்ணைத் திறக்காமல், “ஒழுங்கா வை” என்றார்.

அஞ்சலை அக்காள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, என்னிடம் அவருடைய பெயரைக் கேட்டாள். சொன்னேன். அதைச் சொன்ன வாய் என்னுடையதுதான் என்பதை நான் மறந்ததில்லை.

அவள் அழுத விதத்தை எழுத எனக்குத் தெரியாது. மாரியின் தப்பு மெதுவாக ஏறியது. அவர் பெயரையும், தெருவின் பெயரையும், நண்டு மார்க்கையும் சொல்லி அழுதாள். சில வரிகள் மட்டும் ஞாபகம் இருக்கிறது:

ஆத்தோரம் கடை வச்சு
அஞ்சூரு பாட்டு வித்தீங்க
எல்லாரு குரலையும் எடுத்து வச்ச ராசாவே
எங்கய்யா வச்சீங்க உங்க மூச்ச

ஒரு பக்கம் முடிந்தது. துரை தட்டை மாற்றினார். இரண்டாவது பக்கமும் முடிந்தது. துரை மெஷினை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முதலாளி எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அஞ்சலை அக்காள் சுவரோடு ஒட்டி நின்றாள். அப்புறம்தான் அவர் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போவதைப் பார்த்தேன்.

“ரெண்டாவது பக்கம் ஆரம்பிக்கையில நான் மூச்ச இழுத்துட்டேன்” என்றார் படுத்தபடியே. “பதிஞ்சிருக்குமோ?”

அஞ்சலை அக்காளும் மாரியும் ஆற்றில் தலை முழுகிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். நானும் முழுகினேன். என் மகளையும் பெண்டாட்டியையும் முழுகச் சொன்னேன். முதலாளிக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்து, ஒரு சொம்பாவது ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

“பொணம் தானா எழுந்து போயிக் குளிக்குமா?” என்றார். மெழுகுகளைப் பெட்டியில் அடுக்கப் போய்விட்டார்.

ஐந்து மாதம் நான் அவரைக் காவல் காத்தேன். இருமினால் ஓடுவேன். ஆற்றில் சம்பான் படகில் போகிறேன் என்றால் நானும் ஏறிக்கொள்வேன். ஒன்றும் ஆகவில்லை. பிளேட்டு வந்தது. முந்நூறு. ஒரு மாதத்தில் முக்கால்வாசி ஏஜெண்டுகளுக்குப் போய்விட்டது. நண்டு மார்க்கில் அதுபோல எதுவும் ஓடியதில்லை. என் பயம் கொஞ்சம் அடங்கத் தொடங்கியது.

பிறகு மணியார்டர்கள் நின்றன. முதலில் லாபிஸ், அப்புறம் குளுவாங், அப்புறம் மற்ற ஊர்கள். மணியார்டருக்குப் பதில் கடிதங்கள் வந்தன. முதலாளியின் பிரிவால் வருந்துகிறோம் என்று ஒருவர். கருமாதி எப்போது என்று இன்னொருவர். நான் அவற்றை மறைத்து வைத்தேன். நாலாவது கடிதத்தை அவரே பிரித்துவிட்டார். என்னைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் இருவரும் பஸ் பிடித்துச் சிகாமட் போய், அங்கிருந்து ரயிலில் லாபிஸ் போனோம்.

லாபிஸ் கடைக்காரர் எங்களை உட்கார வைத்தார். சுவரில் எங்கள் பிளேட்டு உறை ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நண்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலையும் போட்டிருந்தார்.

“மூவார்ல இருந்தா வர்றீங்க? ரொம்ப வருத்தமா இருந்துச்சு” என்றார்.

“என்ன வருத்தம்?” என்றார் முதலாளி.

“பெரியவரு போயிட்டாரே.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? பேரு, ஊரு எல்லாம் பிளேட்டே சொல்லுதே.”

“அண்ணே, இவருதாங்க மொதலாளி” என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. என்னைப் பார்த்து இரக்கமாகத்தான் பேசினார். “தம்பி, காசுக்காக இப்படிச் சொல்லலாமா? போனவருக்கு வாரிசு யாருன்னு ஒரு கடுதாசி கொண்டாங்க. எண்ணி வச்சிருக்கேன், ஒரு காசு தொட மாட்டேன். செத்தவங்க காசைத் தப்பான ஆளுகிட்டக் குடுத்துட்டு நான் எங்க போயி நிக்கிறது?”

எங்கள் பேச்சில் நம்பிக்கை வராமல் பெட்டியைத் திறந்து பிளேட்டைப் போட்டார். அரிசி வாங்க வந்திருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்டார். முடிந்ததும் கடைக்காரர் ஊசியை எடுத்தார்.

“நீங்களே சொல்லுங்க பெரியவரே. உசுரோட இருக்கிறவனுக்கு எவளாச்சும் இப்படி அழுவாளா?”

நான் முதலாளி முகத்தையே பார்த்தேன். சொல்லுங்கள், நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன். கடையே அந்த வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“அழ மாட்டா” என்றார் முதலாளி.

எழுந்து வெளியே நடந்தார். ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

“காசு போச்சேங்க” என்றேன்.

“அந்த ஆளு நம்பிட்டான், பாத்தியா?”

“நீங்க செத்துட்டதா நம்புறாருங்க.”

“ஆமா. அதத்தான் சொல்றேன்.”

செத்துவிட்டாய் என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்கிறான், இவர் பாராட்டு வாங்கினவர்போல் தலையாட்டிவிட்டு வருகிறார். அந்த அழுகை ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் என்று அஞ்சலை அக்காள் சொன்னாளே, இவரே அதற்கு வழி காட்டிவிட்டு வருவதாக எனக்குத் தோன்றியது.

மற்ற ஏஜெண்டுகளிடம் அவர் போகவே இல்லை. காசு வராமல் கல்கத்தாவுக்குக் கட்ட முடியவில்லை. அடுத்து அனுப்பிய மெழுகுகளை அங்கே அச்சடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். துரை வருவதை நிறுத்திக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்குக் காய்ச்சல் வந்தது. மலைக்காய்ச்சல். கொய்னா மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பிதற்ற ஆரம்பித்தார். நான்காம் நாள் காலையில் தெளிவாக இருந்தார். தெளிவாக இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுத் தலையணைக்கடியிலிருந்து மூன்று ஐந்து வெள்ளி நோட்டுகளை எடுத்தார்.

“அஞ்சலைக்குக் கூலி குடுக்கல” என்றார். “அன்னைக்கே நீட்டினேன். கருமாதிக்கு வாங்கிக்கிறேன்னு போயிட்டா. எடுத்துக்கிட்டுப் போயிக் குடுத்துட்டு வா. பாடினவளுக்குக் காசு குடுக்காம வித்தா அது திருட்டுப் பிளேட்டுடா.”

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஒப்பாரிக்குக் கூலி சாவுக் காரியம் முடிந்து கொடுப்பது. அதை வாங்கிவிட்டால் அந்தச் சாவு முடிந்துபோன சாவு. வாங்காமல் வைத்திருந்தால், அது இன்னும் நடக்காத சாவுதானே? அவள் ஏன் வாங்காமல் போனாள் என்று நினைக்க நினைக்க எனக்குப் போக மனம் வரவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். போகிறேன் என்றேன்.

ஏழு கட்டை பஸ்ஸில் போய், அங்கிருந்து லயத்துக்கு நடந்தேன். அஞ்சலை அக்காள் வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் பாதி ஆளை நிறுத்திவிட்டார்கள் என்றும், அவளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றும் மாரி வழியிலேயே சொல்லியிருந்தான். மகள் உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டுகளை நீட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“எப்படி இருக்காரு?”

“காய்ச்சல்.”

“எத்தனை நாளா?”

“நாலு நாள்.”

கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்தப் பணம் ஒன்றரை மாதக் கூலி. அவள் கண் ஒரு தடவை உள்ளே மகள் பக்கம் போய் வந்ததை நான் பார்த்தேன்.

“எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி.”

“கொடுத்துட்டு வரச் சொன்னாருக்கா. கேப்பாரு.”

“கேட்டா குடுத்துட்டேன்னு சொல்லுங்க.”

“அவர்கிட்டயா? என்னால முடியாதுக்கா. குரல்லயே கண்டுபிடிச்சுடுவாரு.”

“அப்ப அவரு சாவட்டுமா?” என்றாள். குரல் உயரவில்லை. மறுபடி கத்தியை எடுத்துக் கிழங்கைச் சீவத் தொடங்கினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மலாய்க்காரர் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார். முதலாளி முழித்துத்தான் இருந்தார்.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேங்க.”

கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு வாட்டி சொல்லு.”

மூன்று நோட்டும் என் சட்டைக்குள் வியர்வையில் ஒட்டியிருந்தன. “குடுத்துட்டேங்க. வாங்கிக்கிட்டாங்க” என்றேன்.

கீழே தச்சர் கடையில் ரம்பம் இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், “சரி” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கஞ்சி கேட்டார். ஒரு வாரத்தில் எழுந்து நடந்தார். அந்தச் “சரி”க்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நண்டு மார்க் அதோடு முடிந்தது. மூன்று மாதத்தில் பெட்டிகளை விற்றார். கடையைத் தச்சருக்கு விட்டார். ரங்கூனுக்குப் போகிறேன், அங்கேயும் நம் ஆட்கள் பாடுகிறார்கள் என்றார். கப்பல் துறைக்கு நான் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாத. நான்தான் ஏற்கெனவே செத்துட்டேனே” என்றார். ஒரே ஒரு கடிதம் வந்தது. படகுக்காரன் ஒருவன் பாடியதைப் பற்றி எழுதியிருந்தார். பிறகு ஒன்றும் வரவில்லை. சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான். ரங்கூனிலிருந்து இந்தியாவுக்கு நடந்து தப்பி, பிறகு இங்கே வந்தவர்களிடமும் கப்பலில் வந்தவர்களிடமும் விசாரித்துப் பார்த்தேன். இருக்கிறார் என்று சொன்னவரும் இல்லை, இல்லை என்று சொன்னவரும் இல்லை.

அஞ்சலை அக்காள் இப்போது மூவாருக்கு வெளியே ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், மகள் வீட்டில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்ப்பேன். போன தடவை அவளுக்கு முழங்கால் வீங்கி, எழுந்து நிற்க முடியவில்லை. மருந்துக்குக் காசு இல்லை என்று மகள் வாசலிலேயே சொன்னாள்.

“சேதி ஏதும் வந்துச்சா தம்பி?” என்று கேட்டாள், வழக்கம்போல.

“வரலக்கா.”

நான் சட்டைப் பையில் கையை விட்டதும் அவள் முகம் மாறியது. “அதுவா?”

“இல்லக்கா. இது என் காசு.”

“அப்பச் சரி” என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த மூன்று நோட்டும் என் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவை அரசாங்கம் நோட்டை மாற்றியபோதும் நானும் மாற்றி வைத்தேன். அவள் எனக்கு முன்னால் போய்விட்டால் யாரிடம் கொடுப்பது, நான் அவளுக்கு முன்னால் போய்விட்டால் யார் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டே படுக்கிறேன். என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளி போய்விட்டார் என்று சேதி வந்தால் மட்டும் கொடு, வராதவரை பெட்டியைத் திறக்காதே என்று. அவளுக்குப் புரியும்படி ஒரு சீட்டிலும் எழுதி நோட்டுகளோடு வைத்திருக்கிறேன்: நண்டு மார்க் முதலாளி அஞ்சலை அம்மாளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, பதினைந்து வெள்ளி.